பத்துக்கும் இருபதுக்கும் நடுவில் பெய்யாத மழை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இந்தக் கதையில் நடந்த தப்பெல்லாம் அதில்தான் போய் முடியும். கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் இருபது வருடத்துக்கு மேல் பிள்ளைகள் உடைத்த கண்ணாடிச் சாமான்களைப் பெருக்கிக்கொண்டிருந்தவள் நான். ஐம்பதை நெருங்கும்போது அந்த வேலையை விட்டுவிட்டு, ஜவ்வாது மலையில் மழை அளக்கும் ஒரு சின்னத் திட்டத்தில் சேர்ந்தேன். மழையோடு யாரும் சண்டை போட முடியாது, இனிமேலாவது ரத்தக் கொதிப்பு அடங்கும் என்று நினைத்தேன். ஆறே மாதத்தில் மழையையும் திட்டத் தொடங்கிவிட்டேன்.

பன்னிரண்டு மலையூர்களில் பன்னிரண்டு மழைமானிகள். ஊருக்கு ஒரு வீடு, அந்த வீட்டில் ஒருவர் அளக்கிறவர். ஜமுனாமரத்தூரில் இரண்டு அறை கொண்ட அலுவலகம். ஒரு அறையில் நானும் என் மடிக்கணினியும். இன்னொன்றில் எங்கள் ஒருங்கிணைப்பாளரும் அவருடைய பதினெட்டு பிளாஸ்டிக் நாற்காலிகளும். ஒருங்கிணைப்பாளருக்குக் கூட்டம் போடுவது என்றால் உயிர். எதையும் நேராகச் சொல்லமாட்டார். "ஒரு சின்ன அவதானிப்பு" என்று ஆரம்பித்தார் என்றால் யாருக்கோ வேலை வைக்கப் போகிறார் என்று அர்த்தம். பெரும்பாலும் எனக்குத்தான்.

மழைமானியில் பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. மேலே ஒரு புனல், உள்ளே ஒரு பாட்டில். காலை எட்டரைக்குப் பாட்டிலில் சேர்ந்த தண்ணீரை, கோடு போட்ட கண்ணாடிக் குடுவையில் ஊற்றிப் பார்க்க வேண்டும். குடுவை பத்து மில்லிமீட்டர் மழையைத்தான் பிடிக்கும். அதற்கு மேல் பெய்திருந்தால் நிரப்பி, கொட்டி, மறுபடி நிரப்ப வேண்டும். எத்தனை முழுக் குடுவை, கடைசியில் மிச்சம் எத்தனை கோடு என்று இரண்டையும் நோட்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் எழுத வேண்டும். இரண்டு குடுவையும் மூன்று கோடும் என்றால் இருபத்து மூன்று மில்லிமீட்டர். அவ்வளவுதான்.

இதற்கு ஒரு நாள் பயிற்சி வைத்தோம். பதினோரு பேர் வந்தார்கள், மாதிரிப் பக்கத்தைப் பார்த்து எழுதிப் பழகினார்கள், பிரியாணி சாப்பிட்டார்கள். பன்னிரண்டாவது ஊர்க்காரி வரவில்லை. அன்றைக்கு அந்தப் பக்கத்துப் பேருந்து வரவில்லையாம். மறுநாள் நானே அவள் வீட்டுக்குப் போய் ஐந்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்தேன். முப்பது வயதிருக்கும் அவளுக்கு. ஊரில் சாமை அளக்க வேண்டும் என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி பெருமையாகச் சொன்னாள். அவள் கை அளந்தால் வாங்குகிறவனும் பேசமாட்டான், கொடுக்கிறவனும் பேசமாட்டானாம். அதனால்தான் ஊரே கூடி மழையையும் அவளிடமே ஒப்படைத்திருந்தது. எனக்குக் கடைசிப் பேருந்தைப் பிடிக்கிற அவசரம். மில்லிமீட்டர் என்பது வேறொன்றுமில்லை, தரையில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கும் என்கிற கணக்கு என்று சொன்னேன். குடுவையை எப்படி எழுதுவது என்று கேட்டாள்.

"நீ எப்டி எண்ணுவியோ அப்டியே எழுதும்மா" என்று சொல்லிவிட்டு ஓடிவந்தேன்.

மாதாமாதம் பன்னிரண்டு பேரும் நோட்டுப் பக்கங்களைப் படம் எடுத்து, சிக்னல் கிடைக்கிற மேட்டில் ஏறி நின்று அனுப்புவார்கள். அந்தப் படங்கள் நேராக வாணியம்பாடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற ஒரு பாய்க்குப் போகும். அவர் தட்டச்சு செய்து ஊருக்கு ஒரு கோப்பாக எனக்கு அனுப்புவார். முதல் மாதம் பாய் நல்லெண்ணத்தில் சில எண்களை அழகாக முழுமையாக்கி அனுப்பியிருந்தார். ஒன்பதரையை எல்லாம் பத்து ஆக்கியிருந்தார். நான் தொலைபேசியில் ஆடிய ஆட்டத்தில் அவர் கடைக்கு வந்தவர்கள் எழுந்து நின்றிருப்பார்கள். "நோட்டுல என்ன இருக்கோ அத மட்டும் அடிங்க பாய். நீங்களா ஒரு புள்ளியக்கூடத் திருத்தக் கூடாது" என்று முடித்தேன்.

அதற்குப் பிறகு பாய் திருத்தவே இல்லை. ஒரு ஊர்க்காரர் குடுவைக் கட்டத்தில் "பெண் பார்க்கப் போய்ட்டேன்" என்று எழுதியிருந்தால் கோப்பிலும் பெண் பார்க்கப் போயிருப்பார். இன்னொரு கட்டத்தில் "மாடு முட்டிடுச்சு." டீ சிந்திய இடத்தில் "டீ கறை" என்று பாயே அடித்திருந்தார். சும்மா ஒரு கோடு போட்டிருந்தால் அந்தக் கோடும் இருக்கும்.

இப்போது இந்த எண்களை வைத்து நான் போட்ட வரைபடத்துக்கு வருகிறேன். எனக்குக் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தது யாருமில்லை. காணொளி பார்த்து, நானே முட்டி மோதிக் கற்றுக்கொண்டது. ஒரு ஊரின் கோப்பைத் திற, எண்களை எடு, புள்ளி புள்ளியாக வரை, மேலே ஊர்ப் பெயரைப் போடு. எட்டு வரி. ஒரு ஊருக்கு அருமையாக வந்தது. பன்னிரண்டு ஊருக்கு என்ன செய்தேன் என்றால், அந்த எட்டு வரியை நகலெடுத்துப் பன்னிரண்டு முறை ஒட்டினேன். ஒவ்வொன்றிலும் ஊர்ப் பெயரை மாற்றினேன். கோப்புப் பெயரை மாற்ற மறந்துவிட்டேன். பன்னிரண்டு ஊரிலும் ஒரே நாளில் ஒரே அளவு மழை பெய்த அதிசயத்தை அச்செடுத்துச் சுவரிலும் ஒட்டினேன். கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு விவசாயி ரொம்ப நேரம் அதையே பார்த்தார்.

"இன்னா மேடம், எங்க ஊர்ல அன்னிக்கி வெயில்ல புளி காய வெச்சிருந்தோம். நீங்க மழ வுட்டிருக்கீங்க."

அவமானம் பிடுங்கித் தின்றது. அன்றைக்கே உட்கார்ந்து லூப் எழுதக் கற்றுக்கொண்டேன். லூப் என்பது, சொன்ன வேலையை அலுக்காமல் திரும்பத் திரும்பச் செய்யும் ஏற்பாடு. பன்னிரண்டு கோப்பின் பெயரையும் ஒரு பட்டியலாகக் கொடுத்து, ஒவ்வொன்றாக எடு, வரை, அடுத்ததுக்குப் போ என்று சொன்னால் போதும். எட்டு வரியை ஒரே ஒரு முறை எழுதினால் போதும். இதைக் கண்டுபிடித்தவனுக்குக் கோயில் கட்டலாம் என்று தோன்றியது.

முதல் முறை ஓட்டியபோது பதினோரு ஊர்தான் வந்தது. பட்டியலில் ஒன்றிலிருந்து ஆரம்பி என்று சொல்லியிருந்தேன். கணினிக்கு முதல் ஊர் ஒன்று இல்லையாம், பூஜ்யமாம். ஒன்று என்றால் அதற்கு இரண்டாவது ஊர். "மொதல்ல இருக்கறத ஒண்ணுன்னு எண்ணத் தெரியாத நீயெல்லாம் கம்ப்யூட்டரா" என்று சத்தமாகவே கேட்டேன். பக்கத்து அறையிலிருந்து ஒருங்கிணைப்பாளர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பூஜ்யத்திலிருந்து ஓட்டியதும் பன்னிரண்டும் வந்தது, ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே படத்தில், கடுகைக் கொட்டிவிட்ட மாதிரி. அதைப் பிரிக்கச் சொன்னேன். பன்னிரண்டு தனித்தனிச் சன்னல்கள் திரை முழுக்கத் திறந்து மடிக்கணினி மூச்சு வாங்கியது. நாலாவது நாள்தான் ஒரே தாளில் பன்னிரண்டு சின்னக் கட்டம், எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல் என்று சரியாக வந்தது.

நடுவில் ஒரு தொல்லை மட்டும் மிச்சம் இருந்தது. லூப் ஓடிக்கொண்டே வரும், "மாடு முட்டிடுச்சு" என்கிற இடத்தில் நின்றுவிடும். எண் எங்கே என்று கேட்கும். அதைச் சரி செய்தால் "டீ கறை"யில் நிற்கும். ஐந்தாவது முறை நின்றபோது எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. ஒரு வரி எழுதினேன்: எண்ணாக இல்லாத எதுவானாலும் பூஜ்யம் என்று வைத்துக்கொள். ஆய்வகத்தில் ஒரு மாணவன் அப்படிச் செய்திருந்தால் வெளியே நிற்க வைத்திருப்பேன். ஆனால் லூப் நிற்காமல் ஓடியது. நானும் டீ குடிக்கப் போனேன்.

அந்தப் பன்னிரண்டு கட்டத் தாளைப் பதினெட்டு நாற்காலிகளுக்கு முன்னால் விரித்தபோது எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. வந்திருந்த நாலு பேரும் கைதட்டினார்கள். ஒருங்கிணைப்பாளர் மட்டும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளுக்கு மிக அருகில் மூக்கைக் கொண்டுபோனார்.

"ஒரு சின்ன அவதானிப்பு" என்றார்.

மற்ற பதினோரு கட்டத்திலும் புள்ளிகள் மேலும் கீழும் எங்கும் சிதறியிருந்தன. பயிற்சிக்கு வராதவளின் அந்தப் பன்னிரண்டாவது ஊரில் மட்டும் பத்துக்குக் கீழே ஒரே நெரிசல். இருபதுக்கு மேலே சில புள்ளிகள். நடுவில் துடைத்துவிட்ட மாதிரி ஒரு வெள்ளைப் பட்டை.

"பத்துக்கும் இருபதுக்கும் நடுவுல அந்த ஊர்ல ஒரு நாள்கூட மழை பெய்யலையாம். வானம் அப்படிப் பெய்யுமா மேடம்? இது வீட்டுக்குள்ள உட்கார்ந்து மனசுக்குத் தோணினதை எழுதினது. மனுஷன் கற்பனை பண்ணா இப்படித்தான், ஒண்ணு கம்மியா எழுதுவான், இல்லன்னா நெறைய எழுதுவான்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அதைவிட, என் லூப் வரைந்த படம் ஒரு திருட்டைக் கண்டுபிடித்துவிட்டது என்பதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். "எனக்கும் அப்பவே சந்தேகம் சார்" என்றேன். எனக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. அந்தப் பொய்யை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. மழைமானியை எடுத்து, ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கும் வேறொரு ஊருக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவானது. எடுத்து வருகிற வேலை எனக்கு.

ஜீப் போய் நின்றதும் அவள் வீட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். எதிரே களத்தில் சாமை காயப் போட்டுக்கொண்டிருந்தவர்களும் ஜீப்பைப் பார்த்து வந்துவிட்டார்கள். மழைமானியை எடுத்துப் போக வந்திருக்கிறேன் என்றேன்.

"இன்னாத்துக்கு மேடம்? கண்ணாடி ஒண்ணியும் ஒடையலியே. தெனிக்கும் கழுவித்தான் வெக்கறேன்."

மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். புள்ளிகள் என்ன என்று கேட்டாள். நீ எழுதிய மழைதான், ஒரு புள்ளி ஒரு நாள் என்றேன். விரலைத் திரையில் படாமல் வைத்து, அந்த வெள்ளைப் பட்டையில் நிறுத்தினாள்.

"இந்த எடம் இன்னாத்துக்கு காலியா கீது?"

"அதத்தான் நான் உன்னக் கேக்கறேன். பத்துக்கும் இருபதுக்கும் நடுவுல உங்க ஊர்ல மழையே கெடையாதா?"

"பெஞ்சிதே. எத்தினியோ நாளு பெஞ்சிது. எழுதியிருக்கேன் மேடம்."

"எழுதியிருந்தா இங்க வந்திருக்கும். இது பொய் சொல்லாது" என்று மடிக்கணினியைத் தட்டிக் காட்டினேன்.

களத்திலிருந்து வந்த கூட்டத்தில் யாரோ, "மழயக்கூடவா பொய்யா அளப்பாங்க?" என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். அவள் காதில் விழுந்தது என்று முகத்திலேயே தெரிந்தது. புனல், பாட்டில், குடுவை எல்லாவற்றையும் கழுவி, துணியில் சுற்றி, ஜீப்பில் அவளே வைத்தாள். நோட்டைக் கேட்டேன்.

"நோட்டு என்னுது" என்றாள்.

திரும்பி வருகிற வழியெல்லாம் நான் செய்தது சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். ஓட்டுநர் ஒன்றுமே கேட்கவில்லை, ஆனாலும் அவரிடமும் இரண்டு முறை சொன்னேன்.

பத்து நாள் போனது. ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்தது. வாரச் சந்தையில் சாமை வாங்கப் போனேன், நாலு படி. விற்கிற அம்மாள் படியைக் குவித்து என் பையில் சரித்தாள். "லாபம்" என்றாள். அடுத்ததற்கு "ரெண்டு." அடுத்ததற்கு "மூணு." எங்கள் பக்கத்தில் தானியம் அளக்கிற யாரும் முதல் படியை ஒன்று என்று சொல்லமாட்டார்கள். லாபம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். நானும் ஒடுகத்தூர்க்காரி, வேர்க்கடலை அளக்கிற சத்தத்தில் வளர்ந்தவள். அது காதில் விழுந்ததாகக்கூட எனக்குப் பதியவில்லை. அப்போது பார்த்து அந்த அம்மாளுக்கு போன் வந்தது. பேசி முடித்ததும் எத்தனை படி போட்டோம் என்பது மறந்துவிட்டது. பையிலிருந்ததையெல்லாம் திரும்பக் குவியலில் கொட்டிவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"லாபம்."

"நிறுத்துங்க" என்றேன்.

"இன்னாம்மா, அளவுல கொறையா?" அவள் சண்டைக்குத் தயாராகிவிட்டாள்.

"கொற உங்ககிட்ட இல்லம்மா, என்கிட்ட" என்று சொல்லிவிட்டு, சாமையையும் பையையும் அங்கேயே விட்டுவிட்டு அலுவலகத்துக்கு நடந்தேன். நடந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. என் வயதுக்கும் உடம்புக்கும் அது ஓட்டம்.

அந்தப் பன்னிரண்டாவது ஊரின் கோப்பை அன்றைக்குத்தான் முதன்முதலாகத் திறந்து பார்த்தேன். லூப்பின் சௌகரியமே அதுதான், கோப்பை நாம் திறக்க வேண்டியதில்லை, அதுவே திறந்து, அதுவே வரைந்து, அதுவே மூடிவிடும். குடுவைக் கட்டத்தில் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தேன். கோடு. லா. லா. 2. கோடு. லா. 3. லா. பக்கம் பக்கமாக லா. ஒரு குடுவை நிறைந்த ஒவ்வொரு நாளும் அவள் லாபம் என்று எண்ணி, அதைச் சுருக்கி "லா" என்று எழுதியிருக்கிறாள். லாவும் நாலும் என்றால் பதினாலு மில்லிமீட்டர். லா ஒரு எண் இல்லையே, அதனால் என்னுடைய அந்த ஒரு வரி அதைப் பூஜ்யம் ஆக்கி, பதினாலை வெறும் நாலாக்கி, புள்ளியைக் கீழே இறக்கியிருக்கிறது. எண்ணுகிற மாதிரியே எழுது என்று சொன்னது யார்? நான்தான். அவள் எழுதியிருந்தாள்.

பாய்க்குப் போன் போட்டேன்.

"பாய், அந்தக் கோப்புல லா லான்னு அடிச்சிருக்கீங்களே, அது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமே மேடம், லாபம். எங்க மாமா மண்டியில அப்டித்தான எண்ணுவாங்க."

"அப்ப ஏன் ஒண்ணுன்னு அடிக்கல?"

"நீங்கதான ஒரு புள்ளியக்கூடத் திருத்தாதேன்னீங்க."

பாயே தொடர்ந்தார், ரொம்ப மரியாதையாக.

"ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு நெனச்சேன் மேடம். நீங்க போன்ல கொஞ்சம் சூடா பேசுவீங்க. அதான் வுட்டுட்டேன்."

நிரலில் ஒரு வரி சேர்த்தேன்: லா என்றால் ஒன்று. லூப்பை ஓட்டினேன். பதினோரு கட்டம் அப்படியே இருந்தது. பன்னிரண்டாவதில் அடியில் நெருக்கியடித்துக் கிடந்த புள்ளிகள் எழுந்து போய் அந்த வெள்ளைப் பட்டையை நிரப்பிவிட்டன. பன்னிரண்டு ஊரிலேயே வறண்ட ஊர் என்று நாங்கள் அறிக்கையில் எழுதியிருந்த ஊர், மூன்று நொடியில் நல்ல மழை ஊராகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. நாற்காலிகள் இருந்த அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

ஒருங்கிணைப்பாளர் இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "ஒரு சின்ன அவதானிப்பு. எடுத்ததை உடனே திருப்பி வெச்சா நம்ம நிர்வாகத்துமேல கேள்வி வரும். அடுத்த மாசக் குழுவுல வெச்சு..."

மழைமானி அவருடைய நாற்காலி அடுக்குக்குப் பின்னால், அவள் சுற்றிய அதே துணியோடு இருந்தது. "நீங்க குழுவுல வெச்சு எனக்கு நோட்டீஸ் அனுப்புங்க சார்" என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் கோபம் ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் காலைப் பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நடத்துநர் துணியை விலக்கிப் பார்த்தார்.

"இன்னா மேடம், புது குக்கரா?"

"மழை அளக்கறது."

"அப்போ இன்னிக்கி மழ வருமா வராதான்னு சொல்லுமா?"

"பெஞ்சப்புறம்தான் சொல்லும்."

"அத்த நானே சொல்லிடுவனே" என்றார். பேருந்தே சிரித்தது. வேறொரு நாளாக இருந்தால் அவரை ஒரு வழி பண்ணியிருப்பேன். அன்றைக்கு நானும் சிரித்துவைத்தேன்.

இறங்கி அரை மணி நேரம் நடந்தேன். அவள் வீட்டு முன்னால், மழைமானி இருந்த அதே இடத்தில், மூடி இல்லாத ஒரு தகர பிஸ்கட் டப்பா இருந்தது. காற்றில் உருளாமல் சுற்றிலும் கல் அண்டக் கொடுத்திருந்தது. அவள் வெளியே வந்து என்னைப் பார்த்தாள், கையிலிருந்த மூட்டையைப் பார்த்தாள். வாங்க என்று சொல்லவில்லை.

"தப்பு என்னுதுதான்" என்றேன். லா, பூஜ்யம், பாய், எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் முழுசாகக் கேட்டாள்.

"என்கிட்ட இன்னாத்துக்கு மேடம் சொல்றீங்க? நான் எழுதினது எனக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு களத்தைக் காட்டினாள். "போன வாரம் சாம அளக்க வேற ஆளக் கூப்ட்டாங்க. அங்க சொல்லுங்க."

போய்ச் சொன்னேன். ஆய்வகத்தில் நூறு பிள்ளைகளுக்கு முன்னால் கூசாமல் கத்தியவளுக்கு, களத்தில் பத்துப் பேருக்கு முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டது. அவள் அளந்தது சரி, எழுதியது சரி, நான்தான் தப்பாக வரைந்தேன் என்றேன். ஒரு பெரியவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அன்னிக்கி அது பொய் சொல்லாதுன்னு தட்டிக் காட்டினீங்களே" என்றார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

திரும்பி வந்ததும் டீ கொடுத்தாள். இனிமேல் ஒன்று என்று எழுத வேண்டுமா என்று கேட்டாள்.

"வேணாம். நீ எண்ணற மாதிரியே எழுது. நான் கம்ப்யூட்டருக்குச் சொல்லிட்டேன்."

"அது ஒத்துக்கிச்சா?"

"அதுக்கே மொதல்ல இருக்கறத ஒண்ணுன்னு எண்ணத் தெரியாது. சைபர்லதான் ஆரம்பிக்கும்."

அவள் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "அதுக்கும் எடுத்ததுமே ஒண்ணுன்னு சொல்ல வாய் வரல பாருங்க."

அப்புறம்தான் நோட்டைக் கொண்டுவந்தாள். நான் மழைமானியை எடுத்துக்கொண்டு போன நாளிலிருந்து அன்று காலை வரை பதினோரு நாள், ஒரு நாள்கூட விடாமல் எழுதியிருந்தது. எனக்குப் புரியவில்லை. டப்பாவைக் காட்டினாள். "தரையில எவ்ளோ ஒசரம் நிக்குதோ அதான் மழன்னு நீங்கதான சொன்னீங்க. டப்பா நேரா கீது. பொண்ணோட ஸ்கேல உள்ள வுட்டுப் பாப்பேன்." ஸ்கேலை வாங்கிப் பார்த்தேன். பள்ளிக்கூட மரஸ்கேல். பூஜ்யக் கோட்டுக்குக் கீழே வழக்கமாகக் கொஞ்சம் கட்டை மிச்சம் இருக்குமே, அதைக் கல்லில் சரியாகக் கோடு வரைக்கும் தேய்த்து எடுத்திருந்தாள். அந்த மிச்சம் இருந்தால் மழை குறைந்து தெரியுமாம். மகள் இரண்டு நாள் ஸ்கேலுக்காக அழுதாளாம்.

என் ஆய்வகத்தில் இருபது வருடத்தில் ஒரு பிள்ளைகூட அதைச் செய்ததில்லை.

"பொய்க் கணக்குன்னு சொல்லி எடுத்துனு போய்ட்டோம். அப்புறமும் எதுக்கும்மா அளந்த?"

"நீங்க எடுத்துனு போனா மழ நின்னுடுமா மேடம்?" என்றாள்.

அடுத்த மாதம் புது வரைபடத்தை அச்செடுத்து அவளுக்கென்று ஒன்று கொண்டுபோனேன். பன்னிரண்டு கட்டம், எல்லாப் புள்ளியும் நீலம். அவள் ஊரில் அந்தப் பதினோரு நாள் மட்டும் சிவப்பு. வேறு கருவியில் அளந்ததை வேறு நிறத்தில் காட்டுவது எங்கள் வழக்கம். லூப்புக்குள் அதற்கென்று தனியாக ஒரு வரி எழுதியிருந்தேன். அவள் நீலப் புள்ளிகளில் தன் லாக்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தாள். பத்துக்கும் இருபதுக்கும் நடுவில் விரலை வைத்துத் தலையாட்டினாள். பிறகு சிவப்புக்கு வந்தாள்.

"இது இன்னாத்துக்கு செவப்பு?"

"அது நாங்க கருவிய எடுத்துனு போய்ட்ட நாளுங்க. டப்பாவுல அளந்தியே, அது."

சிவப்புப் புள்ளிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள்.

"அளவு என்னுது. செவப்பு உங்களுது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எந்தப் படி யாருடையது என்று பிரித்துச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"மாத்திடறேன். ஒரு வார்த்தைதான், நீலமாயிடும்" என்றேன்.

"மாத்தாதீங்க மேடம். நடந்ததுதான. இருக்கட்டும்."

களத்திலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். சாமை அளக்க வேண்டுமாம். தாளை என் கையில் கொடுத்துவிட்டு, தூணோரம் கவிழ்த்து வைத்திருந்த படியை எடுத்துக்கொண்டு போனாள். என்னுடைய பதினோரு புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு நான் அங்கேயே நின்றிருந்தேன். கொஞ்ச நேரத்தில் களத்திலிருந்து அவள் குரல் கேட்டது.

"லாபம்."